சம்பளம் கூடியிருக்கிறதா, விலை கூடியிருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

சம்பளம், கூலி, குடும்ப வருமானம், ஏற்றத்தாழ்வு பற்றி மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 1995-96இல் என் அப்பா நூற்பாலையில் மாதம் 3,000 ரூபாய் வாங்கினார். அம்மா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஐந்து பேர். இன்று எனக்குச் சம்பளம் 17,500, மனைவிக்கு 9,000. இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர். "உங்கப்பன் சம்பளத்துல மாசம் ஒரு பவுன் வாங்கலாம், உன்னால முடியுமா?" என்று பெரியப்பா கேட்கிறார். யார் காலம் நல்ல காலம்? – வாசகர், செல்லூர்

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

முதலில் சம்பளத்துக்குச் சம்பளம். அந்த 3,000 ரூபாயை இன்றைய விலைக்கு மாற்ற வேண்டும். மில்லில் பஞ்சப்படி கணக்கிடப் பயன்படும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. விலை சேகரிக்கும் மையங்களில் மதுரையும் ஒன்று. 1995-96இல் அகில இந்திய எண் 313. 2025 செப்டம்பரில் 147. எண் குறைந்திருப்பதைப் பார்த்து விலை இறங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடிப்படை ஆண்டு, அதாவது விலையை 100 என்று வைத்துக்கொள்ளும் ஆண்டு, இடையில் இரண்டு முறை மாறியிருக்கிறது: முதலில் 1982, பிறகு 2001, இப்போது 2016. பழைய தொடருக்குத் திரும்ப, 2016 தொடரின் எண்ணை 2.88ஆல் பெருக்கி, வந்ததை 4.63ஆல் பெருக்க வேண்டும். தொடர்களை இணைக்கும் இந்த எண்களே இணைப்புக் காரணி. 147 × 2.88 × 4.63 = சுமார் 1,960. அதை 313ஆல் வகுத்தால் 6.26. ஆக, அப்பாவின் 3,000 இன்றைக்கு ஏறக்குறைய 18,780 ரூபாய். உங்கள் 17,500 அதைவிடக் குறைவு. பலர் தவறுவது இந்த இணைப்புக் காரணியை விட்டுவிடும்போதுதான். அதை விட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

மொத்தச் சம்பளத்தை மொத்தச் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் 17,500இல், உச்சவரம்பான 15,000க்கு 12 விழுக்காடு என்று பி.எஃப். 1,800 போகும், இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, சுமார் 131 ரூபாய் போகும். கைக்கு வருவது 15,570 அளவில். அப்பா சொல்லும் 3,000 பிடித்தம் போக வந்ததா, பிடித்தத்துக்கு முன்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போனஸையும் மறக்க வேண்டாம். சட்டப்படி, உச்சவரம்புக்கு உட்பட்ட ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு.

அடுத்தது குடும்பத்துக்குக் குடும்பம். ஐந்து பேர் வீட்டுக்கு ஒருவர் வீட்டைப் போல ஐந்து மடங்கு பணம் தேவையில்லை. அடுப்பும் வாடகையும் பொது. அதனால் வருமானத்தைத் தலை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது உலகெங்கும் உள்ள ஒரு வழக்கம். அன்றைய 18,780ஐ ஐந்தின் வர்க்கமூலமான 2.236ஆல் வகுத்தால் 8,400. இன்று இருவர் சம்பளமும் சேர்ந்த 26,500ஐ இரண்டால் வகுத்தால் 13,250. ஒன்றரை மடங்குக்கும் மேல்! உங்கள் தனிச் சம்பளம் இறங்கியிருக்கிறது, குடும்ப வருமானம் ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தைக் கொண்டுவந்தது உங்கள் மனைவியின் 9,000 ரூபாயும் சிறிய குடும்பமும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அந்த 9,000இல் பஸ் செலவு போகாது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் அதைக் கழித்துவிட்டே பாருங்கள். ஒருவர் உழைப்பில் நடந்த குடும்பம் இன்று இருவர் உழைப்பில் நடக்கிறது என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது பவுன். அன்று 3,000 ரூபாய்க்கு முக்கால் பவுனுக்கு மேல் கிடைத்தது உண்மை. 2025 அக்டோபரில் பவுன் 90,000ஐத் தாண்டியது; உங்கள் சம்பளத்துக்கு ஒன்றரை கிராம். ஆனால் நாம் தினமும் தங்கத்தைச் சாப்பிடுவதில்லை. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட சில்லறை விலைக் குறியீட்டில் தங்கத்தின் எடை, அதாவது குடும்பச் செலவில் அதற்குத் தரும் பங்கு, 1.08 விழுக்காடுதான். வாழ்க்கைச் செலவை அளக்கப் பவுன் சரியான படி அல்ல. அதே சமயம் பெரியப்பாவின் கேள்வியை ஒதுக்கவும் மாட்டோம். தங்கம், மனை, வீடு போன்ற சொத்துகளின் விலை சம்பளத்தைவிட வேகமாக ஓடும்போது, ஏற்கெனவே வைத்திருப்பவர் மேலே போகிறார். சம்பளத்தில் சேர்த்து வாங்க நினைப்பவர் பின்தங்குகிறார். பெண் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிற வீட்டில் அந்த வலி தெரியும்.

கேள்வி: தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 2.78 லட்சம் என்று படித்தேன். நாங்கள் நான்கு பேர். அப்படியானால் எங்களுக்கு வருடம் 11 லட்சம் வந்திருக்க வேண்டும். 3 லட்சத்தைக்கூடப் பார்த்ததில்லையே? – வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த எண் 2022-23க்கானது, அதே ஆண்டு இந்திய அளவு 1.69 லட்சம். அது வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கு அல்ல. மாநிலத்தில் ஓராண்டில் உருவான மொத்த உற்பத்தி மதிப்பில் இயந்திரத் தேய்மானத்தைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்தது. நிறுவனம் பிரித்துக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் லாபமும் அதில் இருக்கிறது. வெளியூர் முதலாளிக்குப் போவதும் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.

இன்னொன்று, சராசரி என்பதே ஏமாற்றக்கூடியது. ஒரு தெருவில் பதினோரு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடுகளின் மாத வருமானம் ஆயிரங்களில் 12, 14, 15, 16, 17, 18, 20, 22, 24, 30. பதினோராவது வீடு 4 லட்சம். கூட்டினால் 5,88,000, வகுத்தால் சராசரி 53,450. அந்த அளவை எட்டிய வீடு ஒன்றே ஒன்று. வரிசையில் நடுவே நிற்கும் ஆறாவது வீட்டைப் பாருங்கள்: 18,000. இதுதான் இடைநிலை அளவு. பெரிய வீட்டின் வருமானம் அடுத்த ஆண்டு 8 லட்சமானால் தெருவின் சராசரி கிட்டத்தட்ட 90,000 ஆகிவிடும். இடைநிலை அதே 18,000தான். எந்த வருமானச் செய்தியைப் படித்தாலும் இது சராசரியா இடைநிலையா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: உலகிலேயே சமத்துவத்தில் இந்தியா நான்காவது இடம் என்று 2025இல் ஒரு செய்தி. வெள்ளைக்காரன் காலத்தைவிட ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது என்று 2024இல் இன்னொரு செய்தி. எதை நம்புவது? – வாசகர், மேலூர்

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே முக்கியமான கேள்வி. இரண்டு செய்தியும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. ஒன்று செலவை, மற்றொன்று வருமானத்தை.

ஏற்றத்தாழ்வை அளக்க இத்தாலியர் கொராடோ கினி 1912இல் தந்த குறியீடு பயன்படுகிறது. எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. முதல் செய்தி, 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து உலக வங்கி கணக்கிட்ட 0.255 என்ற எண்ணை வைத்து எழுதப்பட்டது. நம்மைவிடக் கீழே உள்ளதாகச் சொல்லப்பட்ட பல நாடுகளின் எண் வருமானத்திலிருந்து வந்தது. படியும் முழமும் வைத்து ஒரே பொருளை அளந்தது போலத்தான் அது.

செலவை அளந்தால் ஏன் ஏற்றத்தாழ்வு குறைந்து தெரிகிறது? மாதம் 20,000 வரும் வீடு 20,000ஐயும் செலவழித்துவிடும். 5 லட்சம் வரும் வீடு 1 லட்சம் செலவழித்து 4 லட்சத்தைச் சேமிக்கும். வருமானத்தில் 25 மடங்கு வித்தியாசம், செலவில் 5 மடங்கு. சேமித்த 4 லட்சம் அடுத்த ஆண்டு வாடகையும் வட்டியுமாகத் திரும்பி வரும். அது செலவுக் கணக்கில் தெரியாது. அதோடு, கணக்கெடுப்பவர் கூலித் தொழிலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட முடிகிறது. காவலாளி நிற்கும் அடுக்குமாடியில் உள்ளே நுழைவதே பாடு.

இரண்டாவது செய்தி, நிதின் குமார் பார்தி, லூக்கா சான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி நால்வரும் 1922 முதல் 2023 வரையிலான காலத்தை ஆராய்ந்து எழுதியது. 2022-23இல் உச்சியில் உள்ள 1 விழுக்காட்டினருக்கு மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு, சொத்தில் 40.1 விழுக்காடு. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து வருமானத்தில் 15 விழுக்காடு. இதே உச்சி 1 விழுக்காட்டின் பங்கு 1980களின் தொடக்கத்தில் 6 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. வருமான வரிக் கணக்கு, கணக்கெடுப்பு, தேசியக் கணக்கு மூன்றையும் இணைத்துச் செய்த மதிப்பீடு என்பதால் இடையில் பல அனுமானங்கள் உண்டு. தசம புள்ளி வரைக்கும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் 6இலிருந்து 20க்கு மேல் போன திசையை அனுமானங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது.

உச்சி 1 விழுக்காட்டின் பங்கு ஏன் முதலில் இறங்கிப் பிறகு ஏறியது என்பதற்கு வரிச் சட்டத்திலும் தடயம் இருக்கிறது. 1973-74இல் உச்ச வருமான வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடு. 1985இல் மரணத்துக்குப் பின் சொத்தின் மீது விதித்த வரி நீக்கப்பட்டது. 1997 பட்ஜெட்டில் நம் பக்கத்துச் சிவகங்கையின் ப. சிதம்பரம் உச்ச விகிதத்தை 40இலிருந்து 30 விழுக்காடாக்கினார். செல்வ வரி 2015இல் போனது. உயர்ந்த வரிக் காலத்தில் பலர் வருமானத்தை மறைத்தார்கள், அதனால் பழைய 6 விழுக்காடு கொஞ்சம் குறைத்துக் காட்டப்பட்டது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

எங்கள் கருத்து: சாப்பாடு, துணிமணி அளவில் ஏழை வீடுகள் முன்னேறியிருப்பது உண்மை. கிராமத்துக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000இல் 59.4 விழுக்காடு, 2022-23இல் 46.4. வருமானம் ஏற ஏற உணவின் பங்கு இறங்கும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் சொன்னதுதான் இங்கும் நடக்கிறது. (2022-23இல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்டார்கள், முன்பு அப்படியில்லை. அதனால் முந்தைய கணக்கெடுப்புகளோடு நேரடியாக ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.) வருமானத்திலும் சொத்திலும் உச்சி விலகிப் போனதும் அதே அளவு உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர் சொல்வதைத்தான் நம்பக் கூடாது.

கேள்வி: அரை ஏக்கர் மல்லிகை. வருடம் 2,40,000க்குப் பூ விற்கிறது. கணக்கெடுக்க வந்தவரிடம் வருமானம் மாதம் 20,000 என்று சொன்னேன். மனைவி தப்பு என்கிறாள். – வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் வீட்டம்மா சொல்வதே சரி. 2,40,000 என்பது விற்றுமுதல். நீங்கள் எழுதியனுப்பிய செலவையே கழிப்போம்: பூப்பறிக்கக் கூலி 80,000, மாட்டுத்தாவணியில் கமிஷன் 24,000, உரமும் மொட்டுப்புழுவுக்கு மருந்தும் 45,000, பூ கொண்டுபோகும் செலவு 12,000, மோட்டார் ரிப்பேர் 6,000. மொத்தம் 1,67,000. மீதி 73,000, மாதம் 6,080 ரூபாய் அளவில். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அது சேரவில்லை.

இதிலும் இரண்டு விட்டுப்போயிருக்கின்றன. ஒன்று, நாற்று நட்டபோது போட்ட முதல். செடி பத்தாண்டுக்கு மேல் பூக்கும். அதனால் நட்ட செலவைப் பத்தால் வகுத்து வருடா வருடம் கழியுங்கள். இன்னொன்று, விடியுமுன் எழுந்து நீங்கள் இருவரும் பறிக்கும் உழைப்பு. அதைச் செலவில் கழிக்கத் தேவையில்லை, ஆனால் தனியாக எழுதி வையுங்கள். அந்த மணிநேரத்துக்கு ஊர்க்கூலி போட்டுப் பார்த்தால் நிலம் உங்களுக்கு என்ன தருகிறது என்று விளங்கும்.

மாதத் தேர்வும் முக்கியம். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சுயதொழில் செய்பவரிடம் கடந்த 30 நாள் வருமானத்தையே கேட்கிறது. தினக்கூலிக்குக் கடந்த 7 நாள். கவாத்து வெட்டிய மார்கழியில் கேட்டால் ஒரு எண், செடி நிறையப் பூக்கும் சித்திரையில் கேட்டால் வேறு எண். ஆயிரக்கணக்கான வீடுகளைச் சேர்க்கும்போது இது சமன்படும். ஒரு வீட்டுக்கு 12 மாதக் கணக்கே கணக்கு.

கேள்வி: கூலி ஏறிவிட்டது என்று தோட்டக்காரர் சொல்கிறார். வீட்டில் பூக்கட்டும் எனக்கு ஏறவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் தங்கை 80 ரூபாயிலிருந்து 336 ஆனது என்கிறாள். எல்லாமே எப்படி உண்மையாகும்? – வாசகி, வில்லாபுரம்

பதில்: எல்லாமே உண்மைதான், அம்மா. நாட்டின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை விலைவாசியைக் கழித்துவிட்டு 2017-18ஐயும் 2023-24ஐயும் ஒப்பிட்டது. ஆண் தினக்கூலி 203இலிருந்து 242 ரூபாய். பெண் தினக்கூலி 128இலிருந்து 159. மாதச் சம்பளக்கார ஆண் 12,665இலிருந்து 11,858க்கு இறங்கினார். சுயதொழில் செய்யும் ஆண் 9,454இலிருந்து 8,591. சுயதொழில் செய்யும் பெண் 4,348இலிருந்து 2,950. இவை 2012 விலையில் உள்ள எண்கள். இன்றைய கைப்பணம் இதைப்போல ஏறக்குறைய இருமடங்கு.

பெண்களின் எண் இவ்வளவு விழுந்ததற்கு ஒரு காரணம், அதே காலத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்பவர், வேலை தேடுபவர் இருவரும் சேர்ந்த பங்கு 23.3இலிருந்து 41.7 விழுக்காடானது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பூக்கட்டுதல், அப்பளம், ஆடு மாடு போன்ற சொந்த வேலைக்கே வந்தார்கள். குறைந்த வருமானத்தோடு பலர் சேரும்போது சராசரி இறங்கும். அதற்காக உங்கள் முழக்கூலி ஏறாததை அந்தக் காரணத்தால் சமாதானப்படுத்த முடியாது. பூக்கட்டுபவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை: வீட்டுக்கு வீடு தனித்தனி, கொடுப்பவர் ஒருவர். நீங்கள் வாங்கும் கூலியை மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து வீடுகளும் அதே கணக்கைப் போட்டு, ஒரே தொகையைச் சேர்ந்து கேட்பதுதான் வழி.

தங்கையின் கணக்கில் 80 என்பது 2006, 336 என்பது 2025-26. இடையில் 2012-13இல் 132. அதிலிருந்து இரண்டரை மடங்கு. விலைவாசி ஏறக்குறைய இருமடங்கானதால் உண்மையான ஏற்றம் கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதுவும் முழு அளவு வேலை முடித்தால் கிடைக்கும் உச்சக்கூலி. 2025-26இல் நூறு நாளும் கிடைத்திருந்தால் வருடத்துக்கு 33,600.

கேள்வி: மகனுக்கு அமெரிக்காவில் வருடம் 1,10,000 டாலர். அது அங்கே பெரிய சம்பளமா? – வாசகர், சிம்மக்கல்

பதில்: 2023இல் அங்கே முழுநேரம் ஆண்டு முழுவதும் வேலை செய்த ஆண்களின் இடைநிலைச் சம்பளம் 66,790 டாலர், பெண்களுக்கு 55,240. குடும்பங்களின் இடைநிலை 80,610 டாலர். மகன் நடுவுக்கு நன்றாகவே மேலே. ஆனால் அந்தக் குடும்ப இடைநிலை 2019இன் அளவை, விலைவாசி கழித்து, மீண்டும் எட்டியது மட்டுமே. அங்கும் கினி எண் 1968இல் 0.386, 2023இல் 0.485. அதில் ஒரு பகுதி அளவுமுறையால் வந்தது. 1993இல் ஒரு வேலைச் சம்பளமாகப் பதியக்கூடிய உச்சத்தை 2,99,999 டாலரிலிருந்து 9,99,999ஆக உயர்த்தினார்கள். அதுவரை தெரியாத பெருஞ்சம்பளம் அந்த ஆண்டு திடீரென்று தெரிந்தது. டாலரைச் சந்தை விலையில் ரூபாயாக்கிப் பார்க்காதீர்கள். வாங்கும் சக்திப்படி அங்கே ஒரு டாலர் இங்கே சுமார் 20 ரூபாய்க்குச் சமம்.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் எப்படிப் பார்க்கிறார்கள்? – வாசகி, வாடிப்பட்டி

பதில்: 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டத்தின் விதிப்படி ஆண்டுக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வருமானத்தை நேராக அளப்பது கடினம் என்பதால்தான் நிலமும் மின்சாரமும் துணைக்கு வருகின்றன. கணவர், மகன், மகள் என்று ஒரே ரேஷன் கார்டில் உள்ளவர்களின் வருமானம் சேர்ந்துதான் பார்க்கப்படும். கடை வைத்திருந்தால் விற்றுமுதலை எழுதாமல், செலவு போக மிஞ்சியதை எழுதுங்கள். உசிலம்பட்டி வாசகருக்குச் சொன்ன கணக்குதான் இங்கும். பாஸ்புக், மின்கட்டண ரசீது இரண்டையும் 12 மாதத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.